முத்துக்கரையில் பத்துக் கற்பனைகள்

மன்னார் வளைகுடாச் சுறாக்களுக்கு யார் யாருடைய பதிலாள் என்பது தெரியும் என்று ஒருவர் சாதித்திருக்கிறார். இலங்கை அரசின் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட் சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, பார்க்கப் போயிருந்த சமயம், சுறாக்களின் வாயைக் கட்டுகிற கடல்கட்டி என்ற மந்திரக்காரருக்கு உடம்பு சரியில்லை. தனக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்பியிருந்தார். வந்தவர், மந்திரம் தனக்குத் தெரியாது என்று ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டு, ஆனாலும் பெரியவரின் ஆளாகத் தான் வந்து நிற்பதைச் சுறாக்கள் மதிக்கும் என்றாராம். 1859இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் டென்னன்ட் இதை எழுதுகிறார். கூடவே, போகிற போக்கில், இன்னொன்றும் சொல்கிறார்: அந்தக் கடல்கட்டிப் பரம்பரையின் அப்போதைய தலைவர் ரோமன் கத்தோலிக்கர்.

அவர் அதைச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். சங்கு குளித்தவரின் பேரனான எனக்கு அப்படித் தாண்டிப் போக முடியவில்லை. பத்துக் கற்பனைகளில் முதலாவதே மந்திரம், குறி, சகுனம் எல்லாவற்றையும் பாவத்தில் சேர்க்கிறது. அந்தக் கற்பனைகளைச் சிறு வயதிலிருந்து ஒப்பித்து வளர்ந்திருக்க வேண்டிய ஒருவர் கரையில் நின்று சுறாவைக் கட்டியிருக்கிறார். அவர் கட்டினால்தான் கடலில் இறங்குவோம் என்று காத்திருந்த குளியாட்களிலும் பலர் ஞானஸ்நானம் பெற்றவர்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டுமே, அப்போது இதைச் சொன்னார்களா? சொல்லியிருந்தால் சாமியார் என்ன கேட்டிருப்பார்?

சுறா கட்டுவது எங்கள் கரையில் வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, மூத்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இவ்வழியே போன மார்கோ போலோ கணக்கே எழுதி வைத்திருக்கிறார். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, மீனைக் கட்டுகிறவருக்கு இருபதில் ஒரு பங்கு. கட்டு பகலுக்கு மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். இருட்டில் திருட்டுத்தனமாக இறங்குகிறவனைச் சுறா பார்த்துக்கொள்ளும். அதாவது, மோசேயின் கற்பனை இந்தக் கரைக்கு வருவதற்கு முன்பே களவுக்குக் கடலுக்குள் காவல் போட்டிருந்தார்கள். பாவம் என்பதைத் தனி மனிதனின் நெஞ்சுக்குள் நடப்பதாக எங்கள் முன்னோர் நினைத்திருப்பார்களா என்பது சந்தேகம். ஒருவன் தப்புச் செய்தால் ஊருக்கே பாடு கிடைக்காது. அந்த நினைப்பு இன்றைக்கும் போய்விடவில்லை.

வேதம் வந்தது பாவ பயத்தால் அல்ல. 1530களில் தூத்துக்குடிப் பக்கம் பரதவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் முத்துப்பார்களை முன்னிட்டுத் தீராப் பகை. ஒரு பரதவரின் காதைக் கடுக்கனோடு பிய்த்துவிட்டதில் சண்டை மூண்டது என்பது சேசுசபையார் எழுதி வைத்த கதை. ஜோவான் தா குரூஸ் என்ற குதிரை வணிகர் சொன்ன யோசனையின் பேரில் பரதவரின் ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போனார்கள், போர்ச்சுகீசியரின் துணையைக் கேட்டார்கள். துணைக்கு விலை ஞானஸ்நானம். 1536, 1537ஆம் ஆண்டுகளில் கடற்கரை ஊர்களில் ஏறக்குறைய 20,000 பேர் தண்ணீர் வாங்கினார்கள். பிறகு சாமியார்கள் திரும்பிப் போய்விட்டார்கள். பெயர் மட்டும் மாறி, மற்றதெல்லாம் இருந்தபடியே இருந்தது.

1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து, நீங்கள் கிறிஸ்தவர்களா என்று கேட்டால் ஆம் என்றார்கள். என்ன நம்புகிறீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்குப் போர்ச்சுகீசியம் தெரியாது. இரண்டும் கொஞ்சம் தெரிந்தவர்களைப் பிடித்து உட்கார வைத்து விசுவாச மந்திரம், கர்த்தர் கற்பித்த செபம், பத்துக் கற்பனைகள், பாவ அறிக்கை எல்லாவற்றையும் தமிழில் ஆக்கி, அதை அவரே நெட்டுருப் போட்டார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக ஆட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தார். நாளைக்கு இரண்டு வேளை, ஒரு மாதம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்கக் கூடும். அவர் ஒரு கற்பனையைச் சொல்வார், கூட்டம் திருப்பிச் சொல்லும், அதைக் கடைப்பிடிக்க வரம் தரும்படி எல்லாரும் சேர்ந்து வேண்டுவார்கள், பிறகு அடுத்தது. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் விவரமாகச் சொல்கிறார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது, தொண்டை கட்டிவிடுகிறது என்றும் அதில் இருக்கிறது.

அவர் போன பிறகு ஒப்பித்தல் நின்றுவிடக் கூடாதே. ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை வைத்தார். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கடற்கரை வரியிலிருந்து வருஷத்துக்கு 4,000 பொன் பணத்தை ஆளுநர் ஒதுக்கினார். அந்தப் பணம் அதுவரை போர்ச்சுகல் அரசி கத்தரீனாவின் பாதரட்சைச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்தது என்பார்கள். மோட்சத்துக்கு நடந்து போக இந்தப் பிள்ளைகளைவிட நல்ல பாதரட்சை கிடையாது என்று அரசிக்குச் சவேரியார் எழுதியதாகவும் சொல்வார்கள். கணக்கப்பிள்ளை என்ற பேர் எங்கள் கோயில்களில் நெடுங்காலம் நிலைத்தது. எங்கள் ஊர்க் கணக்கப்பிள்ளை பிரம்பு வைத்திருந்தார். ஐந்தாம் கற்பனையும் ஆறாம் கற்பனையும் இடம் மாறி வந்தால் முழங்காலுக்குக் கீழே விழும்.

மனப்பாடத்தோடு சவேரியார் நிற்கவில்லை. அவர் தம் தோழர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதங்கள் சின்னவை, அவசரமானவை. வேலை நடுவே எழுதியது போலவே இருக்கும். எனக்கு அந்தப் பெரிய கடிதங்களைவிட இவைதான் பிடிக்கும். 1544இல் எழுதிய ஒன்றில் சாராயம் பற்றி உத்தரவு வருகிறது. குடிக்கிற பெண்ணைப் பிடித்தால் பிடித்த சேவகனுக்கு ஒரு பணம், அவளுக்கு மூன்று நாள் காவல். இதை ஊரில் பறைசாற்ற வேண்டும். புன்னைக்காயலில் இனிமேல் சாராயம் குடிக்கிறதாகத் தெரிய வந்தால் பட்டங்கட்டிகளும் நன்றாகப் பட வேண்டியிருக்கும் என்று எச்சரிக்கை. காவல் பெண்களுக்கு, எச்சரிக்கை ஆண்களுக்கு. புனிதரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்தப் பாரபட்சத்தை அவர் புதிதாகக் கொண்டுவரவும் இல்லை. ஆனால் கற்பனையை மீறினால் தெண்டம் என்ற வழக்கம் எங்கள் கரையில் வேதத்தின் பேரால் அங்கேதான் தொடங்குகிறது. பாவம் ஊர்க்கணக்கில் ஏறியது.

நியாயமாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே ஆண்டு, அதே கடிதங்களில், அவருடைய பெருங்கோபம் பரதவர் மேல் அல்ல. தூத்துக்குடியில் இருந்த போர்ச்சுகீசியக் கப்பித்தான் கோஸ்மே தெ பைவா மேல். அந்த ஆள் செய்த அநியாயங்களை அரசருக்கு எழுதிவிடுவேன் என்கிறார். வடுகப் படை கரையோரம் பாய்ந்தபோது அதே கப்பித்தானின் கப்பலும் வீடும் எரிந்தன. அவர் தீவுக்கு ஓடிப்போய்க் கிடந்தார். உடனே படகும் தண்ணீரும் அனுப்பி அவருக்கு உதவி செய்யுங்கள் என்று சவேரியார் மான்சிலாஸுக்கு எழுதுகிறார். இந்தியாவில் போர்ச்சுகீசியர் அடிக்கிற கொள்ளையைப் பற்றி 1545இல் அவர் லிஸ்பனுக்கு எழுதியதைப் படித்தால், ஏழாம் கற்பனையை முதலில் யாருக்கு ஒப்பிக்க வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் வரும். பரதவப் பெண் ஒரு பணத்துக்காகக் காவலில் கிடந்தாள். கப்பித்தானுக்குக் கடிதம் மட்டும்தான்.

இந்த இடத்தில் வந்து சேர்கிறவர் அண்டிரிக்கு அடிகளார், என்றிக்கே என்றிக்கஸ். 1520இல் போர்ச்சுகலின் விலா விசோசாவில் பிறந்தவர். யூத வழி வந்த குடும்பம். பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்தபோது அந்த இரத்தத்தைக் காரணம் காட்டி வெளியே அனுப்பினார்கள். 1545இல் சேசுசபை ஏற்றுக்கொண்டது, மறு ஆண்டு இந்தியாவுக்கு அனுப்பியது. 1547இலிருந்து முத்துக்குளித்துறையே அவர் உலகம். 1549இல் வேதாளையில் அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்ட பிறகு பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. இலக்கணம் எழுதுகிற அளவுக்குத் தமிழைப் படித்தார். 1600இல் இறந்தார், தூத்துக்குடியில் அடக்கம். அதற்குள் 1593இல் சேசுசபையே, யூத, இஸ்லாமிய வழி வந்தவர்களை இனிச் சேர்ப்பதில்லை என்று ஆணை போட்டிருந்தது. அப்போது அண்டிரிக்குக்கு வயது 73. பிறப்பில் ஒட்டிக்கொண்ட குறையை எந்தப் பாவசங்கீர்த்தனத்தில் கழுவுவது? அவர் அதைப் பற்றி என்ன நினைத்தார் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் பாவம் என்றால் என்ன, பாவம் அல்லாதது என்ன என்பதை இப்படிப்பட்ட ஒருவர்தான் தமிழில் முதன்முதலாக வரிசைப்படுத்தி அச்சில் ஏற்றினார் என்பதை மறக்க முடியவில்லை.

1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தைப் பற்றிப் பள்ளிக்கூடப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. 16 பக்கம். அடுத்த ஆண்டு கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம், 120 பக்கம், கேள்வி பதிலாக. செலவுக்குப் பணம் தந்தவர்கள் பரதவர்கள். மூன்றாவது நூலை ஏனோ யாரும் பேசுவதில்லை. 1580, கொச்சி, கொம்பெசியோனாயரு. பாவசங்கீர்த்தனத்துக்குத் தயார் செய்துகொள்ள உதவும் கைநூல். அச்சிட்டது தெரியும், படி எங்கேயும் கிடைக்கவில்லை என்றே பல காலம் இருந்தது. 1980களின் தொடக்கத்தில்தான் ஆக்ஸ்போர்டின் பொட்லியன் நூலகத்தில் ஒரு படி இருப்பது தெரிய வந்தது.

அக்காலத்து ஐரோப்பாவில் இத்தகைய நூல்கள் ஏராளம். கற்பனைகளை ஒவ்வொன்றாக எடுத்து அதன் கீழ்க் கேள்விகளை அடுக்குவது அவற்றின் வழக்கம். இங்கே புதிது அந்த வரிசையல்ல, அது வந்த விதம். தமிழ் தெரியாத சாமியாரிடம் மொழிபெயர்க்கிற துபாஷை நடுவில் வைத்துக்கொண்டு பாவம் சொன்ன காலம் அது. என் பாவம் எனக்கும் சாமியாருக்கும் தெரிந்தால் போதாது. துபாஷுக்கும் தெரியும், துபாஷ் வழியாக அவன் மச்சானுக்கும் தெரியும். கடற்கரை ஊரில் இது சின்ன விஷயமா? அண்டிரிக்கு தமிழ் படித்ததன் பெரிய பயன் பிரசங்கத்தில் அல்ல, இந்த மூன்றாம் ஆள் எழுந்து வெளியே போனதில்தான் என்பேன்.

புத்தகம் அதற்கும் ஒரு படி மேலே போகிறது. சாமியார் எதிரே இல்லாமலே, எழுத்துத் தெரிந்த ஒருவன் வீட்டில் உட்கார்ந்து தன்னைத்தானே கேட்டுக்கொள்ளலாம். எழுத்துத் தெரியாதவனுக்குக் கணக்கப்பிள்ளை படித்துக் காட்டியிருப்பார்; கேள்வியைத்தான் அவர் வாசிப்பார், பதில் கேட்கிறவனின் உள்ளே. சவேரியாரின் மணி கூட்டத்தைக் கூட்டிக் கற்பனையைச் சத்தமாகச் சொல்ல வைத்தது. அண்டிரிக்கின் நூல் ஒவ்வொருவனையும் தனியே பிரித்து, நீ என்ன செய்தாய் என்றது. எங்கள் கரையில் பாவத்துக்கு இரண்டாவது கணக்கு திறந்தது அன்றைக்குத்தான். முதல் கணக்கை மட்டும் யாரும் மூடவில்லை.

சலாபத்தில் இந்த இரண்டு கணக்கும் எப்படி ஓடின என்பதற்கு வெள்ளைக்காரர் குறிப்புகள் சாட்சி. மார்ச், ஏப்ரலில் கடல் தெளிந்து அமைதியாக இருக்கும்போதுதான் சலாபம். தவக்காலமும் பாஸ்காவும் வருவதும் அதே மாதங்களில். 1542இலேயே சவேரியார் கோவாவிலிருந்து சேசுசபைத் தலைவர் இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வேண்டுகோள் உண்டு: இங்கே தவக்காலத்தில் வெயில் கொடுமை, பிடித்த மீன் அழுகிப்போகிறது, கப்பல்கள் கடலில் இருக்கும் காலம், ஆகவே இந்தியாவுக்கு மட்டும் தவக்காலத்தை ஜூன், ஜூலைக்கு மாற்றிப் பாப்பரசரிடம் அனுமதி வாங்க முடியுமா என்று ஆளுநர் கேட்கிறார். தவக்காலம் நகரவில்லை. கீழ்ப்படிவது என்றால் நம் ஊர்ப் பருவத்தை உரோமையின் பருவத்துக்கு வளைப்பது என்று ஆனது.

ஓய்வுநாளில் கொஞ்சம் இடம் இருந்தது. 1803இல் இலங்கையைப் பற்றி எழுதிய இராபர்ட் பெர்சிவல், குளியாட்கள் ஆளாளுக்கு ஒரு திருநாள் என்று சொல்லிக் குளிக்கிற நாட்களைக் குறைத்துவிடுகிறார்கள் என்கிறார். இந்துக்களுக்கு அவர்கள் விசேஷங்கள், கறுப்புக் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. தானே ஞாயிறு ஆசரிக்கும் நாட்டைச் சேர்ந்தவர் இதை நஷ்டக் கணக்கில் எழுதியதுதான் வேடிக்கை. களவு பற்றியும் அவரிடம் சேதி உண்டு. சிப்பி திறக்கும்போது முத்தை விழுங்கிவிட்டான் என்று ஒருவன் மேல் சந்தேகம் வந்தால் அறையில் பூட்டி வாந்திக்கும் பேதிக்கும் மருந்து கொடுப்பார்களாம். மார்கோ போலோ காலத்தில் சுறா பார்த்த வேலையைக் கும்பினியார் காலத்தில் விளக்கெண்ணெய் பார்த்திருக்கிறது. விழுங்கினவன் பாஸ்காவுக்கு முன் முழங்காலில் நின்று அதைச் சொன்னானா, முத்தை யாரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லிச் சாமியார் அபராதம் விதித்தார், குத்தகைக்காரனிடமா, அரசாங்கத்திடமா, யாருக்குத் தெரியும். அந்தக் கணக்கு எழுதப்படாத கணக்கு. அதுதான் அதன் சிறப்பும்.

சுறா கட்டினவருக்கு இப்போது திரும்பலாம். டென்னன்ட் சொல்வதைப் பார்த்தால், அந்தச் சக்தி குடும்ப வழியில் வருவது, அதற்கும் ஆள் எந்த வேதத்தைச் சேர்ந்தவர் என்பதற்கும் தொடர்பில்லை என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். குளியாட்கள் அதைச் சமயமாகவே பார்க்கவில்லை, கயிறு பிடிக்கிறவர், கல் கட்டுகிறவர் போல இவரும் சலாபத்தின் ஒரு வேலைக்காரர். என் தாத்தா காலத்தில் கடல்கட்டி இல்லை. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. அதில் அவர் இறங்கியிருக்கிறார். சங்குக்கு இறங்கும்போதும் சரி, சிப்பிக்கு இறங்கும்போதும் சரி, சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார். இடுப்பில் மந்திரித்த குருத்தோலைத் துணுக்கு ஒன்று இருக்கும். குருத்து ஞாயிறன்று கோயிலில் கிடைத்தது, ஆகவே முதல் கற்பனைக்கு விரோதமில்லை. ஆனால் அதைத் தோணியில் வைத்துவிட்டு இறங்குவீர்களா தாத்தா என்று கேட்டதற்கு, "ஏலே, ஒனக்கு என்ன, நீ கரையில நிக்க" என்றார். அந்தப் பதிலில் கடல்கட்டிக் குடும்பத்தின் மொத்த இறையியலும் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

சலாபம் போய்விட்டது, சங்குகுளியும் சுருங்கிவிட்டது. முத்தை விழுங்குகிறவனும் இல்லை. பத்தில் இன்றும் ஊரே காவல் காப்பது மூன்றாவது கற்பனைதான். எங்கள் பக்கத்து ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போகக் கூடாது. போனால் ஊர்க்கமிட்டி தெண்டம் போடும், பிடித்த மீனையும் எடுத்துக்கொள்ளும். சாளைமீன் கூட்டமாகக் கரையை ஒட்டி வருவதற்கு ஞாயிறு என்ன, திங்கள் என்ன. 12ஆம் நூற்றாண்டில் பாப்பரசர் மூன்றாம் அலெக்சாண்டர் இதே சங்கடத்தைத் தீர்த்து வைத்தார்: ஹெர்ரிங் மீன் கரைக்கு வருகிற பருவத்தில் பெருந்திருநாள்கள் தவிர மற்ற ஞாயிறுகளில் பிடிக்கலாம், ஒரு பங்கைப் பக்கத்துக் கோயில்களுக்கும் ஏழைகளுக்கும் கொடுத்துவிட வேண்டும். திருச்சபைச் சட்டத்திலேயே அது ஏறியது. உரோமை விட்டுக்கொடுத்ததை எங்கள் ஊர் விட்டுக்கொடுக்கவில்லை. கேட்டால், கடலுக்கும் ஒருநாள் ஓய்வு வேண்டாமா என்பார்கள். வேதபாரகர் யாரும் சொல்லித் தராத காரணம் அது, எனக்கு மறுக்கத் தோன்றவில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஊர்க்கூட்டத்தில் இளைஞர்கள் எழுந்தார்கள். வள்ளம் இறக்கினால் பாவம், அதே ஞாயிற்றுக்கிழமை ஐஸ் கம்பெனி லாரியில் மீன் ஏற்றினால் பாவமில்லையா, வியாபாரிக்கு வேறே கற்பனையா என்று கேட்டார்கள். கூட்டம் சூடாகிவிட்டது. புதிதாக வந்திருந்த பங்குச்சாமி, ஞாயிறு தொழிலுக்குப் போவது அவரவர் மனசாட்சியும் பாவசங்கீர்த்தனமும் சம்பந்தப்பட்ட விஷயம், தெண்டப் பணத்தைக் கோயில் கணக்கில் சேர்ப்பது முறையல்ல என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அந்த ஆண்டுத் திருவிழா வரவுசெலவில் தெண்டம் வழக்கம்போல மூன்றாவது வரியாக இருந்தது. லாரிக்கும் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.